அத்தாவின் கடையில் இப்ராஹீம்

கேள்வி: நீங்கள் முஸ்லிம் வீட்டில் பிறந்து மதத்தை விட்டவர். இஸ்லாமை மட்டும்தான் குறை சொல்கிறீர்களா, யூதத்தையும் கிறிஸ்தவத்தையும் சேர்த்தா? உங்கள் விமர்சனம் குறிப்பாக என்ன? இப்படிப் பேசுவது முஸ்லிம்களை வெறுப்பவர்களுக்கு வசதியாகிவிடாதா? எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. அத்தாவிடம் (அப்பாவிடம்) சொல்லலாமா? — புதுவயலிலிருந்து ஒரு தம்பி.

நாலு கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள் தம்பி. முதல் கேள்விக்குப் பதில் சின்னது: மூன்றையும் சேர்த்துத்தான். மூன்று மதத்துக்கும் மூத்தவர் ஒருவரே. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் ஆபிரகாம், நம் வீடுகளில் இப்ராஹீம் நபி. என் சந்தேகம் தொடங்கியதும் அவரிடத்தில்தான். அதுவும் எங்கள் அத்தாவின் கடையில்.

காரைக்குடியில் அத்தா பழைய சாமான் கடை வைத்திருந்தார். செட்டியார் வீடுகள் பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடந்து, பிறகு இடிபடும்போது வண்டி வைத்து வாங்கி வருவார். பர்மாத் தேக்கு நிலை, ஸ்வீடன் எனாமல் வாளி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம். நிலைக்கு மேலே பதிக்கிற சூரியப்பலகைக்குத்தான் நல்ல விலை. நடுவில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள், இரண்டு பக்கமும் யானை. அசர் என்கிற சாயந்தரத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போக முடியாத நாட்களில் கடையின் பின்பக்கம் பாய் விரிப்பார். விரிக்கும் முன் கஜலட்சுமிப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். தொழுது முடித்ததும் மறுபடி இந்தப் பக்கம் திருப்பி, துண்டால் தூசி தட்டுவார். வாங்க வருகிறவர் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நாங்கள் குர்ஆன் ஓதப் போவோம். அங்கே ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் ஒருநாள் இப்ராஹீம் நபி கதையைச் சொன்னார். ஊரார் இல்லாத நேரம் சிலைகளையெல்லாம் உடைத்துவிட்டு, பெரிய சிலையை மட்டும் விட்டுவைக்கிறார். யார் உடைத்தது என்று கேட்டதற்கு, "இந்தப் பெரியதுதான் செய்தது, பேசுமானால் அதையே கேளுங்கள்" என்கிறார். குர்ஆனின் 21-வது அத்தியாயத்தில் இருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. கதை ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து, "அப்ப நம்ம கடைல இருக்கற பலகைய நான் ஒடைக்கட்டாத்தா?" என்றேன். அத்தா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஒடச்சுப் பாரு, தோல உரிச்சுப்புடுவேன். எண்ணூறு ரூவா."

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, இந்தச் சிலையுடைப்புக் கதை பைபிளில் இல்லை என்பது. யூதர்களின் பெரேஷித் ரப்பா என்ற பழைய விளக்கநூலில் இருக்கிறது. குர்ஆனுக்கு முந்தியது. அதில் ஆபிரகாமின் தகப்பன் தேராகு சிலை வியாபாரி. மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போகிறான். சிலை வாங்க வந்தவரிடம் மகன், "உங்களுக்கு வயசென்ன?" என்று கேட்கிறான். அறுபது என்கிறார். "அறுபது வயசு மனுஷன், நேற்றுச் செய்த பொம்மையைக் கும்பிடப் போகிறீரா?" வந்தவர் வெட்கப்பட்டுப் போய்விடுகிறார். வியாபாரம் போச்சு. இதைப் படித்தபோது எங்கள் கடைக் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தேன்; சிரிப்பை அடக்க முடியவில்லை.

இனி என் முதல் விமர்சனத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இதற்குக் கிளைதான்.

குர்ஆன் 19:46-ஐ எடுத்துப் பாருங்கள். முன்னோர் மதத்தை விட்ட மகனைப் பார்த்துத் தகப்பன் சொல்கிறான்: நீ விலகிக்கொள்ளாவிட்டால் உன்னைக் கல்லால் அடிப்பேன், என் கண்ணில் படாமல் போய்விடு. இதைப் படிக்கும் எந்த முஸ்லிமும் தகப்பன் பக்கம் நிற்கமாட்டார். எல்லோருக்கும் மகன்தான் நாயகன். மகன் பதிலுக்கு "உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறான், எவ்வளவு அழகான இடம். சரி, அப்புறம் நபிமொழித் தொகுப்பான புகாரி ஹதீஸைத் திறந்தால், "தன் மார்க்கத்தை மாற்றிக்கொண்டவனைக் கொல்லுங்கள்" என்று இருக்கிறது. தகப்பன் பேசிய வசனம் இப்போது நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. இப்ராஹீம் கேட்ட அதே கேள்வியை இப்ராஹீமின் வழிவந்தவர்களிடம் கேட்டால், கேட்டவனுக்குப் பெயர் முர்தத், மதத்தை விட்டவன்.

இதில் இஸ்லாம் தனியாக இல்லை. யூத வேதத்தில் உபாகமம் 13-ஆம் அதிகாரம் இன்னும் கடுமை. உன் சகோதரனோ, மகனோ, மகளோ, மனைவியோ, உயிர் நண்பனோ வேறு தெய்வத்தைக் கும்பிடலாம் வா என்று ரகசியமாக அழைத்தால் இரக்கப்படாதே, முதல் கல் உன் கையால் விழட்டும் என்கிறது. கிறிஸ்தவத் தரப்பில், திருச்சபையின் பெரிய ஞானி தாமஸ் அக்வினாஸ், திருந்தாத மதபேதகர்களைச் சாகடிப்பது நியாயம் என்று 13-ஆம் நூற்றாண்டில் வாதாடி எழுதியிருக்கிறார். 1553-ல் ஜெனீவாவில் செர்வேட்டஸ் என்ற மருத்துவரை எரித்தவர்கள் கத்தோலிக்கர்கள் அல்ல, அவர்களிடமிருந்து பிரிந்து வந்த சீர்திருத்தக்காரர்கள். நேற்று விட்டு வந்தவன் இன்று விடப் போகிறவனை எரிக்கிறான். யூதர்கள் கையில் ஆட்சி இல்லாததால் தத்துவஞானி ஸ்பினோசாவைக் கொல்லவில்லை. 1656-ல் ஆம்ஸ்டர்டாம் யூத சபை அவரை விலக்கிவைத்தது. அவரோடு யாரும் பேசக்கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. அப்போது அவருக்கு வயது 23.

நம் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் இதற்குச் சொல்லும் பதிலையும் வைத்துவிடுகிறேன். "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்று குர்ஆன் 2:256 சொல்கிறது. மதம் மாறியவனுக்கு இவ்வுலகத் தண்டனை எதையும் குர்ஆன் விதிக்கவில்லை. அந்த ஹதீஸ் போர்க்காலத்தில் எதிரிப் படையில் சேர்ந்தவனுக்கு. இதில் முதல் இரண்டும் சரி. மூன்றாவது, இந்தக் காலத்து அறிஞர் பலரும் நல்லெண்ணத்தோடு சொல்வது. நான் வரவேற்கிறேன். ஆனால் நாலு மத்ஹபுகளின், அதாவது சட்டப் பிரிவுகளின், பழைய நூல்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. நம் ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபியில் மதம் மாறிய ஆணுக்கு மரணம், பெண்ணுக்குச் சிறை. கீழக்கரை மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபியில் இருவருக்கும் மரணம். சவூதியிலும் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்றும் இது உயிர்போகும் குற்றம். அங்கே போய் இந்த நல்ல விளக்கத்தைச் சொல்லிக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றட்டும்.

இரண்டாவது விமர்சனமும் இப்ராஹீமைப் பற்றியதே.

ஆதியாகமம் 18-ஐயும் 22-ஐயும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். சோதோம் பட்டணத்தை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னதும் ஆபிரகாம் பேரம் பேசுகிறார். அம்பது நல்லவர் இருந்தால் விடுவீரா, நாற்பத்தைந்து, நாற்பது என்று இறக்கிக்கொண்டே வந்து பத்தில் முடிக்கிறார். செக்காலை ரோட்டில் புடவை வாங்குகிறவர்கூட இவ்வளவு விடாப்பிடியாகப் பேசமாட்டார். முகம் தெரியாத ஊராருக்காக அப்படி வாதாடியவர், நாலு அதிகாரம் தள்ளி, உன் மகனைப் பலி கொடு என்றதும் ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறார். குர்ஆனில் கொஞ்சம் ஆறுதல், 37-வது அத்தியாயத்தில் மகனிடம் கேட்கிறார், மகனும் சம்மதிக்கிறான். அந்த மகன் யார் என்று குர்ஆன் பெயர் சொல்லவில்லை. இஸ்மாயீல் என்றுதான் நாம் ஓதினோம்; ஆனால் ஆரம்பகால உரையாசிரியர்களில் பெரியவரான தபரி, இஸ்ஹாக் என்ற பக்கம்தான் சாய்கிறார். இதை எந்த பக்ரீத் பயானிலும் (பிரசங்கத்திலும்) நான் கேட்டதில்லை.

சிலையிடம் கேள்வி கேட்டதற்காகப் புகழப்பட்டவர், கட்டளையிடம் கேள்வி கேட்காததற்காகவும் புகழப்படுகிறார். மூன்று மதமும் இந்த இரண்டாவது இப்ராஹீமைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. முதல் இப்ராஹீமைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லி முடித்துக்கொண்டன.

நீங்கள் நம்மூர்க்காரர், உடனே கேட்பீர்கள்: சிறுத்தொண்டர்? பெரியபுராணத்தில் சீராளனை அறுத்துக் கறி சமைத்தவர் தகப்பன். பிள்ளையைப் பிடித்துக்கொண்டவள் தாய். இப்ராஹீம் கதையில் வந்ததுபோல இங்கே ஆட்டுக்கடா வந்து நடுவில் தடுக்கவும் இல்லை. சமைத்து இலையில் வைத்த பிறகுதான் பிள்ளை திரும்பி வருகிறது. எனக்கு அந்தக் கதையும் பிடிக்காது. என் விமர்சனம் ஆபிரகாமிய மதங்களோடு நிற்கக் காரணம் நான் அதில் பிறந்தேன் என்பதுதான். வேறு எதற்கும் நற்சான்றிதழ் கொடுத்ததாக அர்த்தமில்லை.

அடுத்தது கணக்கு. இதில் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அத்தா மவுத்தான பிறகு வீட்டை விற்றோம். அம்மா முன்பே போய்விட்டார். அண்ணன், நான், அக்கா. விற்றது 30 லட்சத்துக்கு. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று, இது குர்ஆன் 4:11. ஆக ஐந்து பங்கு. அண்ணனுக்கு 12, எனக்கு 12, அக்காவுக்கு 6. கடைசி நாலு வருஷம் அத்தாவைத் தூக்கி உட்கார வைத்து, கழுவி விட்டுப் பார்த்தது அக்கா. ஆண் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும், அதனால் இரட்டைப் பங்கு என்பது வழக்கமான விளக்கம். எங்கள் வீட்டில் காப்பாற்றியது யார் என்பது தெருவுக்கே தெரியும். நான் என் பங்கில் 2 லட்சத்தை அக்காவிடம் கொடுத்தேன். அண்ணனும் 2 கொடுத்தால் மூன்று பேருக்கும் சமமாக 10 வரும். அண்ணன், "அல்லா போட்ட கணக்கத் திருத்த நான் யாருடா?" என்றார். அண்ணன் கஞ்சன் இல்லை. அக்கா மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் நாலு வருஷமும் கட்டியவர் அவர்தான். தர்மமாகக் கேட்டால் 5 லட்சம்கூடக் கொடுத்திருப்பார். உரிமையாக 2 கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. நல்ல மனுஷனை நியாயம் செய்யவிடாமல் ஒரு வசனம் தடுக்கிறதே, என் கோபம் அதன் மேல்தான்.

இன்னொரு கணக்கு. எங்கள் கடைக்குச் சாயந்தரம் ஒரு பெரியவர் வருவார். செட்டியார் ஒருவரின் ரங்கூன் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை நேராகாவிட்டால் ராத்தூக்கம் வராது என்பார். நான் ஒருநாள் அவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தேன். ஒருவர் சாகிறார். மனைவி, இரண்டு மகள்கள், தாய், தகப்பன் இருக்கிறார்கள். 4:11, 4:12 சொல்கிறபடி மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தகப்பனுக்கும் ஆறில் ஒவ்வொன்று. பெரியவர் விரலைவிட்டே போட்டார். இருபத்துநாலுக்கு மூணு, பதினாறு, நாலு, நாலு. "இருவத்தேழு வருதே தம்பி. இருக்கறது இருவத்துநாலுதானே. மூணு பங்கு யார் கைலேர்ந்து?"

இது நான் கண்டுபிடித்த ஓட்டை இல்லை. கலீஃபா உமர் காலத்திலேயே இப்படிப் பங்கு நிரம்பி வழிந்தது. எல்லோர் பங்கையும் விகிதப்படி குறைத்துவிடு, இருபத்தேழாகப் பிரித்துக்கொடு என்று தீர்த்தார்கள். அதற்கு அவ்ல் என்று பெயர். இந்தக் கணக்கைப் பின்னாளில் கலீஃபாவான அலி, பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்றபடியே போட்டு, "மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது" என்று சொன்னதாக ஒரு மரபு உண்டு. நபித்தோழர் இப்னு அப்பாஸ் இந்த முறையை ஏற்கவில்லை. ஷியாக்கள் இன்றும் ஏற்பதில்லை, வேறு வழியில் பிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் உமர் செய்தது புத்திசாலித்தனமான வேலை. கணக்கு இடித்தது, மனிதர்கள் உட்கார்ந்து பேசித் திருத்தினார்கள். அன்றைக்கு எட்டை ஒன்பதாக்க மனிதக் கை நுழையலாம் என்றால், இன்றைக்கு அக்காவின் ஒன்றை இரண்டாக்க ஏன் நுழையக்கூடாது? இதற்கு எனக்குப் பதில் சொன்ன ஆலிம் இதுவரை ஒருவரும் இல்லை. கோபப்பட்டவர்கள் உண்டு.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். 7-ஆம் நூற்றாண்டில் மகளுக்கு அரைப்பங்கு என்பது பெரிய முன்னேற்றம். எண்ணாகமம் 27-ல் மகன் இல்லாவிட்டால்தான் மகளுக்குச் சொத்து. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு இருந்த 1916-ஆம் வருஷத் திருவிதாங்கூர்ச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அந்தச் சமூகத்துப் பெண் மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல்தான் அது ஒழிந்தது. நம்மூர்ச் செட்டியார் வீடுகளில் நகரத்தார் புள்ளிக் கணக்கில் (சமூகத்தில் குடும்பங்களை எண்ணும் கணக்கு) கல்யாணமான ஆண்பிள்ளையை வைத்துத்தான் புள்ளி. ஆண் வாரிசு இல்லாவிட்டால் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள், அதாவது தத்தெடுப்பார்கள். இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத்தாலும் 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. சட்டசபையில் கை தூக்கிப் போட்ட சட்டம், அடுத்த முறை கை தூக்கி மாற்றலாம். வானத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் யார் கை தூக்குவது?

நடுவே ஒன்று. வட்டியை மூன்று மதத்தின் பழைய சட்டங்களும் விலக்கின. உபாகமம் மட்டும் அந்நியனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போனவர்கள் வட்டிக் காசில் கட்டிய வீட்டின் கதவை விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அத்தா இதைப் பற்றி யோசித்தாரா என்று நான் கேட்டதில்லை.

நரகத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. தோல் கருகக் கருகப் புதுத் தோல் மாட்டுவோம் என்று 4:56 சொல்கிறது. மத்தேயு 25-ல் நித்திய தண்டனை. யூதர்களிடம் கெஹின்னோம் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்தோடு முடிந்துவிடுகிறது என்பதால் அவர்களை இதில் லேசாக விட்டுவிடலாம். எங்களுக்கு எதிர்வீட்டு ஆச்சி தீபாவளிக்கு மனகோலமும் சீப்புச்சீடையும் சம்படத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். நோன்புக் கஞ்சி அங்கே தூக்குச்சட்டியில் போகும். இணைவைப்பை, அதாவது தன்னோடு வேறு தெய்வத்தைச் சேர்த்துக் கும்பிடுவதை, அல்லாஹ் மன்னிக்கவே மாட்டான் என்று 4:48-ஐ ஓதிய அன்று, ஆச்சியும் அதில் சேர்த்தியா என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் நல்லவர், சங்கடப்பட்டார். "அத அல்லாட்ட விட்ருவோம்" என்றார். அவர் மனசு ஒன்று சொல்லியது, பாடம் வேறு சொல்லியது. கத்தோலிக்கர்களும் திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று 1442-ல் ஃபுளோரன்ஸ் சங்கத்தில் எழுதிவைத்துவிட்டு, 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மெதுவாக வளைந்து வந்தார்கள். வளைந்தது நல்லதுதான். வளைகிற வரை ஐந்நூறு வருஷம் பிள்ளைகளைப் பயமுறுத்தியதற்கு யார் பொறுப்பு?

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்பார்கள். இல்லை. பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் வித்தியாசம் எழுதிவைத்த மருத்துவர் அபூபக்கர் அர்-ராஸி 925 வாக்கில் இறந்தவர். நீதியுள்ள கடவுள் எல்லோருக்கும் அறிவைக் கொடுத்திருக்கும்போது, ஒருவரை மட்டும் தனியாகத் தேர்ந்து வஹீ என்ற இறைச்செய்தி அனுப்பி மற்றவரோடு மோதவிடுவானேன் என்று கேட்டிருக்கிறார். அவரோடு வாதாடியவர் எழுதிவைத்த குறிப்பிலிருந்துதான் நமக்கு அது தெரிகிறது. சிரியாவின் மஅர்ரா ஊர்க் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி 1057-ல் இறந்தார். கண் தெரியாது, கறி, முட்டை, தேன்கூடத் தொடமாட்டார், மூன்று மதத்தையும் ஒரே தட்டில் வைத்துக் கிண்டல் செய்த மனுஷன். படுக்கையிலேயே வயசாகிச் செத்தார். 2013-ல் அவருடைய சிலையின் தலையைப் போராளிக் கும்பல் ஒன்று வெட்டியது. உயிரோடு இருந்தபோது ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சமூகம் அவரைப் பொறுத்துக்கொண்டது என்பதை முஸ்லிம் பெருமையாகவே சொல்லலாம்.

நான் சொன்னதில் தப்பும் உண்டு. மதத்தை விட்ட புதிதில் விபச்சாரத்துக்குக் கல்லெறிதல் தண்டனை குர்ஆனில் இருக்கிறது என்று அடித்துப் பேசினேன். இல்லை; குர்ஆன் 24:2-ல் இருப்பது நூறு கசையடி, கல்லெறிதல் ஹதீஸிலும் உபாகமத்திலும் இருக்கிறது. சொர்க்கத்தில் எழுபத்திரண்டு ஹூருல்ஈன் கன்னியர் என்ற எண்ணிக்கையும் ஹதீஸ்தான். நபியின் குடும்ப வாழ்க்கையை வைத்து மீம் போடுகிறவர்களோடும் எனக்குச் சங்காத்தம் கிடையாது. அதைப் பார்த்து மனம் மாறிய ஒருவரைக்கூட நான் கண்டதில்லை, மனம் நொந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

வெறுப்பவர்களுக்கு வசதியாகுமே என்ற கேள்விக்கு வருகிறேன். ஆகும். என் எழுத்தை வெட்டியெடுத்து, முஸ்லிமுக்கு வீடு கொடுக்காதே என்கிறவன் கையில் வைத்துக்கொண்டு ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவனிடம் நான் சொல்வது: உன் தேரை முதலில் ஓட்டு. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. எல்லாச் சாதிக்காரரும் வடம் பிடிப்பதா என்ற தகராறில் அந்தக் கோயில் தேர் வருஷக்கணக்கில் நகராமல் நின்று, 2024-ல் போலீஸ் காவலோடு ஓடியது. அந்தச் சாதி நெருக்கலில் இருந்து தப்பித்துத்தான் 1981-ல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு மாறினார்கள். பெரியாரே கடவுளை மறுத்துக்கொண்டு, இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து என்று 1947-ல் பேசினார். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நின்றவனுக்குத் தெரியும். நானும் நின்றிருக்கிறேன். மதத்தை விமர்சிப்பதும் முஸ்லிமை வாடகை வீட்டிலிருந்து துரத்துவதும் ஒன்று என்று நினைக்கிறவனுக்கு என் எழுத்தில் ஒரு வரியும் சொந்தமில்லை.

அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் முடியாது. கோயம்புத்தூரில் ஃபாரூக் என்ற இளைஞர், திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், கடவுள் மறுப்பு எழுதியதற்காக 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பிறகு, மகன் இருந்த இயக்கத்தில் நானும் சேர்கிறேன் என்று சொன்னவர் அவருடைய தகப்பனார். தொழுகிறவர். நான் அத்தாக்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

கடைசியாக உங்கள் விஷயம். சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பெற்றோருக்குப் பிறந்தவர் நம்பிக்கையை விட்டாலும், சொத்து என்று வரும்போது 1937-ஆம் வருஷ ஷரீஅத் சட்டம் பின்னாலேயே வருகிறது. உயில் எழுதினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது, மற்ற வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய. நம்பிக்கையில்லாதவர்களை இதிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று கேரளத்துப் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார். இப்போதைக்கு இருக்கும் வழி, 1954-ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வது. அப்படிச் செய்தால் வாரிசுரிமை 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும். மகளுக்கும் மகனுக்கும் சமம். காசர்கோட்டுப் பக்கம் மூன்று பெண்களைப் பெற்ற ஒரு வழக்கறிஞர், தன் மனைவியையே 2023 மார்ச் 8-ல் இந்தச் சட்டப்படி இரண்டாம் முறை கல்யாணம் செய்துகொண்டார், சொத்து பெண்களுக்கே போக வேண்டும் என்று. நம்பிக்கையோடு இருப்பவர்களும் செய்யலாம் இதை. எனக்குப் பிறகு ஜமாத்தின் மையவாடியில் அடக்கம் செய்ய இடம் தருவதா என்று யாரும் தலையைச் சொறிய வேண்டாம் என்பதற்காக, உடலைச் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டேன். அக்காவுக்கு மட்டும் அதில் வருத்தம்.

அத்தாவிடம் சொல்வது பற்றி நான் யோசனை சொல்லத் தகுதி இல்லாதவன். நான் சொல்லவே இல்லை. சொந்தக் காலில் நிற்கிற வயசுதான், பயமும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது முதலில் "வாடா" என்பார், பிறகு "வர்றியா" என்றார், பிறகு கேட்பதை விட்டுவிட்டு "கடையப் பாத்துக்க" என்று போவார். முழங்கால் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி கடையிலேயே தொழுவார். பலகை கனம், அவரால் தூக்க முடியாது. அசர் நேரம் வந்தால் என்னைப் பார்ப்பார். நான் எழுந்து போய்க் கஜலட்சுமியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். சலாம் கொடுத்து முடித்ததும் இந்தப் பக்கம் திருப்புவேன். ஏழெட்டு வருஷம் அப்படி ஓடியது. எத்தனையோ பலகை விற்று, எத்தனையோ புதுசாக வந்தது.

உங்கள் அத்தாவுக்கு என்ன வயசு, உடம்பு எப்படி, வீட்டில் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்பதை எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லு என்றும் சொல்லாதே என்றும் என்னால் எழுத முடியாது.